பண்ணைப்புரத்துக் கிதார்

சித்தையன்கோட்டையிலும் அதனை அடுத்த ஆத்தூர், செம்பட்டி, சின்னாளபட்டி வட்டாரத்துக் கிராமங்களிலும் சாமி கும்பிடு நடக்கும் இரவுகளில் யாரும் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. வண்ண விளக்குகள் கண்ணைப் பறிக்கும் மேடையின்மீது இன்னிசைக் கச்சேரிக்காரர்கள் கிதாரும் கீபோர்டும் டிரம்ஸுமாக நிற்க, அதுவரையில் தெருத்தெருவாகச் சாமியை அழைத்துவந்த தப்புக்காரர்களும் உறுமிக்காரர்களும் தத்தம் வாத்தியங்களைத் தோளிலிருந்து இறக்காமலே, மேடைக்குக் கீழே ஓரமாக ஒதுங்கி நின்று அந்தப் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். மேலே நடப்பது சங்கீதம், கீழே நடந்து முடிந்தது சடங்கு என்று ஊர் நினைக்கிறது. வாசிப்பவர்களிலும் பலர் அப்படியே நினைக்கிறார்கள். ஆனால் மேடையில் ஒலிக்கிற பாட்டுகளில் கூட்டத்தை எழுந்து ஆடவைப்பவற்றின் தாளம், கீழே நிற்பவர்களின் கையிலிருந்து மேலே ஏறியது. அந்தத் தாளத்துக்கும் அந்தக் கிதாருக்கும் உறவு உண்டாக்கியவர், செம்பட்டி வழியாக வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி என்று மேற்கே செல்லும் சாலையின் முடிவிலுள்ள கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்.

இளையராஜா என்றதும் ஆயிரம் படங்களுக்குமேல் இசையமைத்தவரை நாம் நினைக்கிறோம். வெள்ளுடையில் ஆர்மோனியத்தின் முன் அமர்ந்திருக்கும் தோற்றத்தை நினைக்கிறோம். அந்த ஸ்தானத்தை அடைவதற்கு முன்னர் அவர் சென்னைப் பட்டணத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் பிறர் அமைத்த மெட்டுகளுக்குக் கிதார் வாசித்து ஜீவனம் நடத்தியவர் என்பதை, ஜீவிய சரித்திரத்தின் சில்லறை விவரமாகவே பலரும் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். மேனாட்டார் ‘ஃபோக் ராக்’ என்று பெயரிட்டு, தனித்த ஒரு கலையாகப் போற்றுகிற நாட்டுப் பாடலும் கிதாரும் கலந்த இசைக்குத் தமிழில் ஒரு பிரதான புருஷர் உண்டென்றால் அவர் இந்தக் கிதார்காரரே; அவரிடத்தில் அது பிறந்த விதமோ மேனாட்டில் பிறந்த விதத்துக்கு நேர்மாறானது; அந்த வித்தியாசத்தின் பொருளை உணர்ந்து அதற்கேற்ற கல்வியை நாம் ஏற்படுத்தாததனால்தான் மேடைக்கும் தெருவுக்கும் நடுவே இன்றளவும் சுவர் நிற்கிறது என்பது என் துணிபு.

1943-ஆம் ஆண்டில் பண்ணைப்புரத்தில் பிறந்து, அந்நாளில் ராசையா என்று அழைக்கப்பட்ட அவருக்குச் சங்கீதம் பள்ளிக்கூடத்திலோ குருகுலத்திலோ கிடைக்கவில்லை; மாட்டு வண்டியிலும் பேருந்திலும் ஊர் ஊராகச் சென்ற பிரசார மேடைகளில் கிடைத்தது. மூத்த சகோதரரான பாவலர் வரதராசன் கம்யூனிஸ்டுக் கட்சியின் கூட்டங்களில் பாடிப் பிரசித்தி பெற்றவர். தம்பிமார் பாஸ்கர், ராசையா, பின்னாளில் கங்கை அமரன் என்று பெயர் பெற்ற அமர்சிங் ஆகியோர் அவரோடு சேர்ந்து ‘பாவலர் பிரதர்ஸ்’ என்ற குழுவாயினர். பதினான்கு வயதளவில் அக்குழுவில் சேர்ந்த ராசையாவுக்கு வாய்த்த வாத்தியம் ஆர்மோனியம். அந்நாளில் திண்டுக்கல்லும் தேனியும் தனி மாவட்டங்கள் அல்ல. பழனி மலைத்தொடரின் இரு பக்கத்துச் சமவெளியும் ஒரே மதுரை ஜில்லாவாக இருந்த காலம் அது. திண்டுக்கல் அதிலிருந்து பிரிந்தது 1985-இல்தான். பருத்திக் காட்டிலும் நெல் வயலிலும் பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்து தரையில் அமர்ந்திருக்கும் ஜனங்களை ராகத்தின் நுட்பத்தைக் காட்டி உட்காரவைக்க இயலாது. அவர்கள் வாயிலேயே புழங்கும் தெம்மாங்கையும் கும்மியையும் எடுத்து அன்றைய அரசியலை அதில் ஏற்றிப் பாடினால்தான், கூட்டம் கலையாமல் பேச்சாளர் வரும்வரை இருக்கும். எந்த மெட்டு மனிதனைப் பிடித்து நிறுத்துகிறது, எது அவனை எழுந்து போகவிடுகிறது என்னும் ஞானத்தை ராசையா பெற்றது அந்தக் கூட்டங்களிடமிருந்தே.

1968-இல் சகோதரர்கள் சென்னைக்குப் போனார்கள். அங்கே மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டர் என்று கலைஞர்களால் அழைக்கப்பட்ட ஆசிரியரிடம் ராசையா பியானோவும் கிதாரும் மேலை இசையின் இலக்கணமும் பயின்றார். லண்டன் டிரினிடி இசைக் கல்லூரி நடத்திய கிளாசிக்கல் கிதார் தேர்வில் தங்கப்பதக்கமும் பெற்றார். ராசையா என்ற பெயரை ராஜா என்று சுருக்கியவரும் அந்த ஆசிரியரே. இவ்விடத்தில் சற்று நின்று யோசிக்கவேண்டிய ஒன்று உண்டு. நம் நாட்டில் மனிதர்களுக்கு மட்டுமன்றி வாத்தியங்களுக்கும் பிறப்பு உண்டு. நாதசுரமும் தவிலும் ஒரு குலத்தின் பரம்பரைச் சொத்தாக இருந்தன. வீணை வேறு வீடுகளில் வளர்ந்தது. பறை எந்தத் தெருவிலிருந்து வரவேண்டும், அதை அடிப்பவன் கோயிலுக்கு எத்தனை தூரத்தில் நிற்கவேண்டும் என்பதையெல்லாம் ஊர்க் கட்டுப்பாடு நிர்ணயித்து வைத்திருந்தது. கிதாருக்கோ இங்கே பாட்டனும் இல்லை, முப்பாட்டனும் இல்லை; அதைத் தொடுகிறவனைப் பார்த்து ‘நீ யார் வீட்டுப் பிள்ளை’ என்று கேட்கும் உரிமை எவருக்கும் இல்லை. ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்த கிராமத்து வாலிபன் ஒருவன், பிறப்பைப் பற்றிய கேள்வி இன்றிச் சாஸ்திரீயமான பயிற்சிக்குள் நுழைவதற்கு அந்த ஆறு தந்தி வாத்தியம் ஒரு கதவாக இருந்தது. அந்நிய வாத்தியம் என்று நாம் குறைவாகச் சொல்லும் அந்தத் தன்மைதான் அதற்கு இந்த மண்ணில் கிடைத்த முதல் பெருமை.

பயிற்சிக்குப் பின் தொழில் வந்தது. வங்கத்து இசையமைப்பாளர் சலீல் சௌத்ரியின் வாத்தியக் குழுவில் கிதார் வாசித்தார். கன்னடத் திரையுலகில் புகழ் பெற்ற ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராகப் பல ஆண்டுகள் உழைத்தார். இன்றைக்குப்போல ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியே பதிந்து பிற்பாடு ஒட்டிக்கொள்ளும் வசதி அக்காலத்தில் இல்லை. பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் ஏககாலத்தில் வாசிப்பார்கள். கடைசி வரியில் ஒருவர் ஒரு ஸ்வரம் தவறினாலும் எல்லாரும் முதலிலிருந்து இன்னொரு டேக் வாசிக்கவேண்டும். தாளில் எழுதிய நோட்ஸைக் கண்டவுடன் வாசிக்கும் திறனும், தன் பங்கு எவ்வளவு சிறிதாயினும் மொத்தத்தில் அது எங்கே பொருந்துகிறது என்று அறியும் காதும் இல்லாதவனுக்கு அங்கே இடமில்லை. பின்னாளில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய பகுதியைத் தாமே தாளில் எழுதிக் கலைஞர்களிடம் கொடுக்கும் வழக்கத்தை அவர் கைக்கொண்டது, அந்தத் தாள்களைக் கையில் வாங்கி வாசித்த காலத்தின் விளைவென்றே கொள்ளலாம்.

இனி, கிதார் அவருக்கு என்ன கற்பித்தது என்ற விஷயத்துக்கு வருவோம். ஆர்மோனியம் வாசிப்பவனுடைய வலக்கை ஸ்வரக் கட்டைகளின்மீது ஓடிக்கொண்டிருக்க, இடக்கை துருத்தியை இழுத்துக் காற்று கொடுத்துக்கொண்டிருக்கும். ஆகவே அந்த வாத்தியத்தில் பெரும்பாலும் ஒற்றை மெட்டுதான் பேசும். கிளாசிக்கல் கிதாரில் நிலைமை வேறு. இடக்கை விரல்கள் ஃப்ரெட் எனப்படும் மெட்டுக்கட்டைகளின் நடுவே தந்திகளை அழுத்திக்கொண்டிருக்க, வலக்கையின் பெருவிரல் மந்தர ஸ்தாயித் தந்திகளில் அடிநாதத்தை நடத்திச் செல்லும். மற்ற விரல்கள் நடுத் தந்திகளில் கார்டு எனப்படும் ஸ்வரக் கூட்டை மீட்டி, மேல் தந்தியில் பாட்டையும் பாடும். ஒரே மனிதன், ஒரே சமயத்தில், மூன்று பேரைப்போல் சிந்திக்கவேண்டிய வாத்தியம் அது. இளையராஜாவின் பாட்டுகளில் பேஸ் கிதார், பாடகரின் மெட்டைத் தொடர்ந்துவரும் நிழலாக இராமல் தனக்கென்று ஒரு கதையைச் சொல்லிக்கொண்டு போவதை ரசிகர்கள் வியந்து பேசுவது வழக்கம். அந்த வியப்பின் மூலத்தைத் தேடிப்போனால் கிதார்காரனின் வலக்கைப் பெருவிரலில் சென்று நிற்போம்.

இவ்வாறு பல குரல்களை ஒருங்கே நடத்தும் வித்தையை அவர் ஆதியில் நாட்டுப் பாடலில் பிரயோகித்ததும் தற்செயல் அன்று. கர்நாடக ராகத்தின் உயிர் கமகத்தில் இருக்கிறது. ஒரு ஸ்வரம் தன் இடத்தில் அசைந்துகொண்டே இருக்கையில், அசையாத கார்டு ஒன்றை அதனடியில் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். தெம்மாங்கும் தாலாட்டும் பெரும்பாலும் ஐந்தாறு ஸ்வரங்களுக்குள் உலவி, அவற்றில் நின்று நிதானித்துப் பாடும் இயல்பின. ஆகையால் அவற்றின் அடியில் கார்டு இயல்பாய் அமர்கிறது, மெட்டின் முகமும் மாறுவதில்லை. தாளத்திலும் அப்படியே: நம் கும்மியிலும் நையாண்டி மேளத்திலும் மும்மூன்றாய்ப் புரளும் நடையை வாத்தியக்காரர்கள் ‘சிக்ஸ் எய்ட்’ என்று சொல்லுகிறார்கள், அதே நடையில் கிதாரை மேலும் கீழுமாக வருடினால் இரண்டும் பிறந்தது முதல் பழகியவைபோல் சேர்ந்து போகின்றன. இந்தப் பொருத்தத்தைப் புத்தகத்தில் படித்து அறிந்தவர்கள் உண்டு; ஒரு காதில் பண்ணைப்புரத்தையும் மறு காதில் மேனாட்டு இசைமேதை பாக்கையும் வைத்துக்கொண்டு அனுபவத்தில் கண்டவர் இவர்.

1976-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்த ‘அன்னக்கிளி’ படம் அந்த அனுபவத்தின் பலன். பஞ்சு அருணாசலம் தந்த வாய்ப்பு அது, ஏ. எம். ராஜா என்று முன்னரே பாடகர் ஒருவர் இருந்தபடியால் ‘இளைய’ என்ற அடைமொழியைச் சேர்த்து இளையராஜா ஆக்கியவரும் அவரே. தமிழ்நாட்டு டீக்கடைகளில்கூட ‘ஆராதனா’, ‘பாபி’ என்று ஹிந்திப் படப் பாட்டுகள் கொடிகட்டிப் பறந்த அந்த நாளில், எஸ். ஜானகியின் குரலில் வயற்காட்டு மெட்டுகள் ஒலித்தபோது ஜனங்கள் தங்கள் வீட்டுப் பேச்சைத் தாங்களே புதிதாகக் கேட்டதுபோல் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். மறு ஆண்டே அல்லிநகரத்து பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ வந்தது. 1980-இல் பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’யோடு இளையராஜா இசையமைத்த படங்கள் நூறு நிறைவெய்தின.

உலகத்தின் பிற பாகங்களில் இந்த இசை எவ்வாறு உண்டாயிற்று என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். 1965-ஆம் ஆண்டு ஜூலை 25-இல் அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவில் பாப் டிலன் மின்கிதாரோடு மேடையேறியபோது சபையில் ஒரு பகுதியார் கூச்சலிட்டனர். நாட்டுப் பாடலின் தூய்மை கெட்டுவிட்டது என்பது அவர்கள் ஆத்திரம். இங்கிலாந்தில் லண்டன் வாலிபர்களான ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவினர், ரிச்சர்ட் தாம்சன் என்னும் மகத்தான கிதார்காரரையும் உள்ளிட்டவர்கள், செசில் ஷார்ப் முதலிய அறிஞர்கள் முந்தைய தலைமுறையில் கிராமம் கிராமமாய்ச் சேகரித்து வைத்த பழங்கதைப் பாடல்களை நூலகத்தில் தேடி எடுத்து, 1969-இல் மின்வாத்தியங்களோடு இசைத்துப் புகழடைந்தனர். கல்கத்தாவில் எழுபதுகளின் நடுவே கௌதம் சட்டோபாத்யாயும் நண்பர்களும் ‘மொஹீனேர் கோராகுலி’ என்ற குழுவாகி பாவுல் என்னும் வங்க நாட்டுப் பாடலையும் கிதாரையும் சேர்த்தார்கள். யாழ்ப்பாணத்து நித்தி கனகரத்தினம் கிதாரைக் கையிலேந்திப் பாடிய பேச்சுத்தமிழ்ப் பாட்டுகள் ஈழத்துப் பொப்பிசைக்கு வழிகோலின. மேனாட்டிலும் கல்கத்தாவிலும் பட்டணத்துக் கிதார்காரன் கிராமத்துப் பாட்டைத் தேடிப்போனான். நம்மிடத்திலோ கிராமத்துப் பாட்டுக்காரன் கிதாரைத் தேடிப்போனான். ஆகவே அவனுக்கு நாட்டுப் பாடல் கண்டெடுத்த பொருள் அல்ல. அதைக் கெடுத்துவிடுவோமோ என்ற அச்சமும் அவனிடம் இல்லை. தன் தாய் சின்னத்தாயின் வாயில் கேட்டதைத் தன் கையால் வாசிப்பதற்கு அவன் யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியிருக்கவில்லை.

இதற்கு எதிராகச் சொல்லத்தக்கதும் உண்டு. சினிமாவுக்குள் போனபின் நாட்டுப் பாடல் அதன் சொந்தக்காரர்களை விட்டுப் பிரிந்துவிட்டது, கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்த ‘மலையருவி’யிலும், நா. வானமாமலையின் தொகுப்புகளிலும் காண்கிற நீண்ட கதைப் பாடல்களும் சோகப் பாடல்களும், ஐந்து நிமிஷப் பாட்டுக்கு அடங்காமையால் பின்தங்கிவிட்டன, தப்பும் உறுமியும் பாட்டின் நடுவே தாளிதம்போல் சிறிது சேர்க்கப்படும் பொருளாகிவிட்டன என்பது நாட்டார் வழக்காற்று அறிஞர்கள் கூறும் குறை. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. எனினும் அக்குறைக்கு மருந்து கிதாரைத் தள்ளிவைப்பது ஆகாது. பிரிந்தவை இரண்டையும் ஒரே கையில் சேர்த்துக் கற்பித்தல் ஒன்றே வழி. ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவினர் 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறியபோது கானாவும் பறையும் கிதாரும் சமமாய் நின்றன. பறை அங்கே தாளிதமாக இல்லை, தலைவாசலாக இருந்தது. அது சாத்தியம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

இன்னொரு குறை, நம் மறதியைப் பற்றியது. 1982-இல் வெளிவந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ பாட்டைத் தமிழ்நாட்டில் கிதார் கற்கும் பிள்ளைகளில் வாசித்துப் பாராதவர் அரியர். அந்தக் கிதாரை வாசித்தவர் ஆர். சந்திரசேகர் என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பேஸ் கிதாரின் நடையைப் புகழ்கிறவர்களில் சசிதரன் என்ற பெயரை அறிந்தவர் எத்தனை பேர்? இசையமைப்பாளர் பெயரும் பாடகர் பெயரும் கவிஞர் பெயரும் இசைத்தட்டின் உறையில் அச்சாயின. விரல் தேய வாசித்தவர்களின் பெயர் அன்றைய கணக்குச் சீட்டோடு மறைந்தது. கூலிக்கு வாசித்த கிதார்காரராய் இருந்தவரே தேசத்தின் பெரிய இசையமைப்பாளராக உயர்ந்த இந்த நாட்டில், கூலிக்கு வாசிப்பவன் பெயரற்றவனாக இருப்பது பொருந்தாத செய்கை. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், வாசித்துக் காட்டும் கலைஞருக்கும் உரிமைத்தொகை உண்டென்று ஒப்புக்கொள்கிறது. இசையமைப்பாளரின் உரிமைக்காக இளையராஜா நீதிமன்றப்படி ஏறியதை நாடறியும். ஆனால் வாசித்தவர் யாரென்று எழுதிவைக்கப்படாத பாட்டில் அந்த உரிமையைக் கோருவதற்கு எவர் வருவார்?

இளையராஜாவுக்கு இனிக் கௌரவங்களில் குறைவில்லை. 2018-இல் பத்ம விபூஷண். 2022 நவம்பர் 11-ஆம் தேதி, சித்தையன்கோட்டைக்கு அண்டையிலேயே உள்ள காந்திகிராமக் கிராமிய நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழாவில் பிரதமர் கையால் கௌரவ டாக்டர் பட்டம். 2024-இல் அவர் பெயரால் சென்னை ஐ.ஐ.டி.யில் இசைக் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் ஒரு மையம். 2025 மார்ச் 8-இல் லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு ‘வேலியன்ட்’ என்னும் அவருடைய சிம்பொனியை அரங்கேற்றியது. கிதார்காரர் பெறவேண்டிய மரியாதையையெல்லாம் பெற்றுவிட்டார். அடுத்த கிதார்காரன் எங்கே கற்பான் என்பதற்குத்தான் விடை இல்லை.

அரசின் மாவட்ட இசைப் பள்ளிகளில் குரலிசையும் நாதசுரமும் தவிலும் தேவாரமும் வயலினும் மிருதங்கமும் பரதநாட்டியமும் கற்பிக்கப்படுகின்றன, யாவும் போற்றத்தக்கவையே. வயலினும் ஒரு காலத்தில் கப்பலேறி வந்ததுதான். பாலுஸ்வாமி தீக்ஷிதர் கையில் அமர்ந்தபின் அதனை எவரும் அந்நியம் என்று சொல்லவில்லை. கிதாருக்கும் அந்த ஸ்தானத்தை அளிக்க நேரம் வந்துவிட்டது. அதைத் தனியே கற்பிக்காமல், தப்பு, உறுமி முதலிய நம் நாட்டார் வாத்தியங்களில் ஒன்றையும் தெம்மாங்கு, ஒப்பாரி, கதைப்பாடல் ஆகியவற்றையும் சேர்த்து ஒரே பாடமாக்கி, பாடகரும் தப்புக்கலைஞரும் கிதார் ஆசிரியருக்குச் சமமான சம்பளத்தில் ஆசிரியராக அமரும்படி செய்யவேண்டும். கிராமக் கல்விக்கென்றே பிறந்த காந்திகிராமம் இதை ஒரு சான்றிதழ்ப் படிப்பாகத் தொடங்கினால், பட்டம் அளித்த கைக்கே அதனினும் பெரிய புண்ணியம் சேரும். இணையத்தில் பார்த்துக் கார்டு பழகும் நம்மூர்ப் பையன்கள் எத்தனையோ பேர் ஆங்கிலப் பாட்டின் நடையைப் பிசகின்றி வாசிக்கிறார்கள். தம் தெருவில் அடிக்கும் தப்பின் நடையை எண்ணச் சொன்னால் திகைக்கிறார்கள். அது அவர்கள் குற்றமன்று. இரண்டையும் ஒருசேரச் சொல்லித்தர நாம் ஒரு திண்ணைகூட அமைத்துக் கொடுக்கவில்லை.

திரைப்படத் துறையாருக்கும் இசை வெளியிடும் கம்பெனியாருக்கும் ஒரு விண்ணப்பம்: ஒவ்வொரு பாட்டின் கீழும் வாசித்த கலைஞர் அனைவரின் பெயரையும் பதியுங்கள், பழைய பாட்டுகளில் வாசித்து இன்றும் நம்மிடையே உள்ள மூத்த கலைஞர்களைக் கேட்டு, எந்தப் பாட்டில் எவர் என்ன வாசித்தார் என்று இப்போதே எழுதிவையுங்கள். அரசுக்கு ஆகும் செலவு சில ஆசிரியர்களின் சம்பளம். கம்பெனிகளுக்கு ஆகும் செலவு சில வரிகள். எண்பதை எட்டிய பின்னும் புதிய சிம்பொனி எழுதிய ஒரு கிராமத்துக் கிதார்காரருக்கு, சிலையும் விழாவும் எடுப்பதைவிட இவ்விரண்டும் தகுதியான கைம்மாறாகும். இவற்றுக்கு இன்னொரு தலைமுறை காத்திருக்கவேண்டிய அவசியமும் இல்லை.